முள் இறங்கிய மூன்று வாரங்கள்

சங்கிலி பெற்றோல் களவெடுக்கிறான் என்று நான் முடிவு கட்டியது ஒரு வியாழக்கிழமை. அதற்கு முன் அவன் என்னிடம் ஒரு தேங்காய்கூடக் கேட்டு வாங்கியதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு என்னைப் பற்றி நல்லவிதமாக நினைத்து நீங்கள் ஏமாறக்கூடாது.

என் பெயர் அற்புதம். முல்லைத்தீவுக் கரையில் கடற்றொழில் செய்கிறவன். என்னிடம் ஒரு மொறிஸ் மைனர் கார் இருக்கிறது. ஐம்பத்தொன்பதாம் ஆண்டுக் கார், பத்து வருசத்துக்கு முன் வவுனியாவில் வாங்கினேன். கலியாணத்துக்கும் கோயிலில் பிள்ளைகளின் முதல் நன்மைக்கும் ஆட்கள் கேட்டு வருவார்கள். மற்ற நாட்களில் சும்மா நிற்கும். கரையில் நிறுத்தினால் உப்புக்காற்று தகரத்தைத் தின்றுவிடும் என்பதால், முள்ளியவளையில் சங்கிலியின் வளவில், அவன் நெல் மூட்டை அடுக்கும் கொட்டிலில்தான் அதை விட்டிருந்தேன். சுனாமி அடித்த வருசம் நானும் மனுசியும் பிள்ளையும் நாலு மாதம் படுத்தெழும்பியதும் அதே கொட்டிலில்தான். சங்கிலியின் தாய் தகப்பன் மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறியவர்கள். நாங்கள் ஈர உடுப்போடு வந்து நின்றபோது, ஆர் எவர் என்று கேளாமல் கொட்டிலை ஒதுக்கித் தந்தவர்கள்.

இரண்டாயிரத்து இருபத்திரண்டு ஆவணியில் என் மகள் ஆன்சலாவுக்கு நிறைமாதம். மருமகன் கட்டாரில். முதல் பிள்ளையை அவள் இழந்தது வீதியில். வவுனியாவுக்கு ஏற்றிக்கொண்டு போன ஓட்டோ பாதி வழியில் நின்று, வேறு வாகனம் வர ஒன்றரை மணித்தியாலம் ஆகிவிட்டது. அந்த ஒன்றரை மணித்தியாலமும் அவளுடைய தலை என் மடியில் இருந்தது. இந்த முறை டொக்டர் ஒரு திகதி குறித்துத் தந்து, அதற்கு முன் சிறு நோ கண்டாலும் நேரே வவுனியாவுக்கு வரச் சொல்லியிருந்தார். நாடு முழுக்கப் பெற்றோல் இல்லாத காலம் அது. காருக்குக் கிழமைக்கு இருபது லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு நாலு என்று கைபேசியில் கட்டம் கட்டமான படம் தந்திருந்தார்கள். படம் இருந்தது, பெற்றோல் செட்டுக்கு எண்ணெய் ஏற்றிவரும் பௌசர்தான் வரவில்லை. நான் ஒரு பகலும் ஒரு இரவும் வரிசையில் நின்று இருபது லீற்றர் அடித்தேன். அது ஆன்சலாவின் பெற்றோல். வேறு ஒன்றுக்கும் அதைத் தொடுவதில்லை என்று அந்தோனியாருக்கு நேர்ந்துகொண்டேன்.

கார் கரைக்கு வந்தால் அந்த நேர்த்தி நிலைக்காது என்று தெரியும். எங்கள் பக்கத்துப் படகு எஞ்சின்கள் மண்ணெண்ணெயில் ஓடுகிறவை, ஆனால் கிளப்புவதற்கு உள்ளங்கை நிறைய ஒரு சிரங்கை பெற்றோல் வேண்டும். மச்சான் ஒரு போத்தலோடு வருவான், பெறாமகன் இன்னொரு போத்தலோடு வருவான். இல்லை என்று சொல்ல முடியாது, எல்லாம் ரத்தம். ஆகவே கார் சங்கிலியிடமே நிற்கட்டும் என்றேன். காரின் திறப்பும் அவன் வீட்டிலேயே தொங்கியது. நான் ஒரு போன் அடித்தால் அவனுடைய மகன் நிரஞ்சன் காரைக் கொண்டுவந்து வாசலில் விடுவான் என்பது ஏற்பாடு.

இப்போது அந்த முள்ளின் கதைக்கு வருகிறேன். காரின் முன்பக்கம் பெற்றோல் அளவைக் காட்டும் முள் இருக்கிறதே, அது தானாக எதையும் அறியாது. பின்னால் பெற்றோல் தாங்கிக்குள் ஒரு மிதப்பு ஒரு கம்பிக் கையின் நுனியில் மிதந்துகொண்டிருக்கும். பெற்றோல் ஏறினால் மிதப்பு ஏறும், கை ஏறும், முன்னால் முள் ஏறும். என் காரில் அந்தப் பித்தளை மிதப்பு வெடித்து உள்ளே பெற்றோல் போய், கல்லுப்போல அடியில் கிடந்தது. முள் எந்நேரமும் வெறுமை காட்டியது. ஆன்சலாவின் பெற்றோலை அளவு தெரியாமல் வைத்திருக்க எனக்கு மனம் வரவில்லை. புதுக்குடியிருப்பில் ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். கொழும்பிலிருந்து எடுப்பிக்க வேண்டும், இந்த நிலைமையில் எப்போது வரும் என்று சொல்ல ஏலாது என்றான்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு மிதப்புக்காகக் கொழும்புக்கோ? நாற்பது வருசம் வலைக்கு மிதப்புக் கட்டியவன் நான். வீட்டில் ஒரு சாக்கு நிறைய மிதப்பு கிடக்கிறது. மெத்தென்ற, இறப்பர்போன்ற நல்ல மிதப்பாக ஒன்றைத் தெரிந்து, கத்தியால் அளவுக்கு வெட்டி, கம்பிக் கையில் தங்கூசியால் இறுக்கிக் கட்டினேன். தங்கூசி என்றால் வலை பின்னும் நைலோன் நூல், முடிச்சுப் போட்டால் அறுத்தாலொழியக் கழராது. தாங்கியின் மேல் மூடிக்கு ஆறு ஆணியும் பூட்டித் திறப்பைத் திருப்பினேன். இருபது லீற்றரும் பழைய மிச்சமும் சேர்ந்து முள் முக்காலில் போய் நின்றது. சங்கிலி கைதட்டினான்.

"கடல்ல மீன் பிடிக்கிற ஆளு கார்லயும் மிதப்பு கட்டிட்டீங்களே அண்ணே" என்றான்.

"மிதக்கிறது எதெண்டாலும் என்னட்டக் கொண்டுவா" என்று நானும் பெருமை அடித்தேன்.

ஐந்து நாள் கழித்துப் போனபோது முள் அரைக்குக் கொஞ்சம் மேலே நின்றது.

வெக்கைக்கு ஆவியாகிப் போயிருக்கும் என்று மனத்தை ஆற்றினேன். அடுத்த கிழமை போனேன். அரைக்குக் கீழே. கார் நின்ற இடத்தில் நின்றது. சக்கரத்தடியில் மண் கலையவில்லை. தாங்கியின் கீழே படுத்துத் தடவிப் பார்த்தேன், ஒழுக்கு இல்லை. பெற்றோல் ஊற்றும் குழாய் வளைந்தது, அதற்குள் தடி விட்டு அளக்க முடியாது. முள் சொல்வதுதான் கணக்கு, அந்த முள்ளோ என் கையால் திருத்தியது. அதில் பிழை இருக்கும் என்று எனக்கு ஒரு நிமிசம்கூடத் தோன்றவில்லை.

"முள்ளு இறங்கிப்போச்சே சங்கிலி" என்றேன்.

"ஆமா அண்ணே, நானும் பாத்தேன்" என்றான். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவன் ஏன் திறப்பைப் போட்டு முள்ளைப் பார்க்க வேண்டும்? முகத்தை ஏன் திருப்ப வேண்டும்? வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இந்த இரண்டு கேள்வியும் சைக்கிளின் பின்கரியரில் ஏறிக்கொண்டு வந்தன. சந்தேகம் வந்துவிட்டால் பிறகு பார்ப்பதெல்லாம் அதற்குச் சாட்சிதான். அயல் தோட்டங்கள் எல்லாம் மண்ணெண்ணெய் இல்லாமல் வாடிக் கிடக்க, சங்கிலியின் மிளகாய் மட்டும் பச்சையாக நின்றது. தண்ணீர் இறைக்கும் மெசினை எதால் கிளப்புகிறான்? அவனுடைய மோட்டார் சைக்கிள் சாக்கு மூடிக் கிடந்தது, அவன் சைக்கிளில் திரிந்தான். பெற்றோல் இருப்பது ஊருக்குத் தெரியக்கூடாது என்று நடிக்கிறான் என்று எனக்குள் ஒருவன் சொன்னான். இன்னொரு நாள் போனபோது கொட்டிலில், காருக்குப் பக்கத்தில், அவனுடைய பாயும் தலையணையும் கிடந்தன. அருகில் ஒரு புனல். புனலை எடுத்து மணந்து பார்த்தேன். பெற்றோல்!

வீட்டில் சொன்னபோது ஆன்சலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, சங்கிலிச் சித்தப்பாவையோ சந்தேகப்படுறியள்? உங்களுக்கென்ன விசரோ?"

"சித்தப்பா எண்டா பெற்றோல் குடிக்கமாட்டாரோ? முள்ளு காலுக்கு வந்திட்டுது பிள்ளை. வவுனியாவுக்குப் போய்ச்சேராது."

அவள் மெல்ல மறுபடி சாய்ந்துகொண்டாள். அந்த ஒன்றரை மணித்தியாலம் அவளுக்கும் நினைவு வந்திருக்க வேண்டும். எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்தைத்தான் நான் கோபம் என்று பேர் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மறுநாள் போய்ப் பெற்றோல் மூடியை மெல்லிய தங்கூசியால் சுற்றி, பம்பர்க் கம்பியோடு இழுத்து முடிந்தேன். எங்கள் முடிச்சு. கடலில் போட்டுவிட்டு வந்த வலையை வேறொருவன் தொட்டானா என்று பார்க்க நாங்கள் செய்கிற வேலைதான் இது. நாலாம் நாள், அந்த வியாழக்கிழமை, குனிந்து பார்த்தேன். தங்கூசி கட்டித்தான் இருந்தது. ஆனால் அது என் முடிச்சு இல்லை. மாட்டுக்குக் கயிறு போடுகிறவனின் முடிச்சு.

வெயில் உச்சியில் நின்றது. சங்கிலி மிளகாய்ப் பாத்திக்குள் நின்றான். அவன் மனுசி ஞானேஸ்வரி கிணற்றடியில், நிரஞ்சன் வேலிக் கரையில். மூன்று பேருக்கும் கேட்கக் கத்தினேன்.

"இதை ஆரடா திறந்தது?"

சங்கிலி மண்வெட்டியைப் போட்டுவிட்டு வந்தான். "நான்தான் அண்ணே."

"என்ர பிள்ளையின்ர உயிரை ஊத்தி மிளகாய் வளக்கிறியோ? நம்பி விட்டனான். தோட்டக்காட்டுப் புத்தியைக் காட்டிப்போட்டாயடா!"

மலைநாட்டிலிருந்து வந்தவர்களை இழிவாகச் சொல்லும் அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் ஆரும் சொன்னால் நான் அடிக்கப் போவேன். அது என் வாயிலேயே தயாராக இருந்திருக்கிறது. ஞானேஸ்வரி கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள். சங்கிலி என்னைப் பார்க்கவில்லை, மகனைப் பார்த்தான். வேலிக் கரையில் நின்ற நிரஞ்சனை ஒருமுறை, பிறகு இன்னொருமுறை.

"எங்க வீட்டுலதான் தப்பு நடந்திருக்கு அண்ணே" என்றான் மெதுவாக. "வண்டிய எடுத்துட்டுப் போயிருங்க. மகளுக்கு ஒண்ணுன்னா என்னால தாங்க முடியாது."

இதைவிட வேறென்ன வாக்குமூலம் வேண்டும்? திறப்பைப் பறித்துக்கொண்டு காரைக் கிளப்பினேன். முள் வெறுமையில் கிடந்தது. ஐந்து மைல் தூரமும் எப்போது நிற்குமோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினேன். நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக, மிச்சம் எவ்வளவு என்று கண்ணால் பார்க்கத் துணிந்தேன். பின்பெட்டியைத் திறந்து, தாங்கியின் மேல் மூடியின் ஆறு ஆணியையும் கழற்றினேன். ஆறாவதைக் கழற்றி மூடியைக் கிளப்பியதும் பெற்றோல் பொங்கிக்கொண்டு வந்து என் கை, கட்டியிருந்த சாரம் எல்லாம் நனைந்தது. கையால் பொத்தினேன். கசிவு நின்றபிறகு உள்ளே எட்டிப் பார்த்தேன். தாங்கி விளிம்பு முட்ட நின்றது.

கம்பிக் கையை வெளியே எடுத்தேன். கடலில் பத்து வருசம் கிடந்தாலும் ஒன்றும் ஆகாத என் மிதப்பு, பெற்றோலில் ஊறி இரண்டு மடங்கு வீங்கி, கஞ்சிக்குள் விழுந்த பாண் துண்டுபோல நொளுநொளுத்துத் தொங்கியது. விரலால் அமர்த்தினேன், பெற்றோல் வடிந்தது. நாளுக்கு நாள் குடித்துக் குடித்துக் கனத்து, கொஞ்சம் கொஞ்சமாக அடிக்குப் போயிருக்கிறது. இறங்கியது பெற்றோல் இல்லை, மிதப்பு. உப்புத்தண்ணீரைத் தவிர வேறொன்றும் தெரியாதவன் செய்த வேலை.

ஆனால் ஒரு கணக்குப் பிழைத்தது. நான் அடித்தது இருபது. பழைய மிச்சம் ஒன்றோ இரண்டோ. இந்தத் தாங்கி நிறைய முப்பது வேண்டும். மிச்ச ஏழெட்டு லீற்றர் எங்கிருந்து வந்தது? அதை நினைத்தபடி பம்பரில் குந்தியிருந்தேன். புனல். சாக்கு மூடிய மோட்டார் சைக்கிள். கிழமைக்கு நாலு லீற்றர். எடுக்கிற கள்ளனை எனக்குத் தெரியும். ஊற்றுகிற கள்ளனை நான் கேள்விப்பட்டதில்லை.

ஆன்சலா வந்து பின்பெட்டிக்குள் பார்த்தாள். நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இப்பவே போங்கோ அப்பா" என்றாள்.

"நாளைக்குப் போறன்" என்றேன். ஏன் நாளைக்கு? வேலை இருந்ததென்று பொய் சொல்லமாட்டேன். வெட்கம். அவன் முகத்தில் முழிக்க ஒரு இரவாவது வேண்டும்போல இருந்தது.

விடியவே ஆன்சலாவுக்கு நோ கண்டுவிட்டது. மனுசியையும் அவளையும் ஏற்றிக்கொண்டு காரை விட்டேன். நெடுங்கேணி வழியாக, எங்கும் நில்லாமல் ஓடினேன். முள் செத்துக் கிடந்தது. தாங்கி நிறைய இருக்கிறதென்று தெரிந்தும் கண் அங்கேயே போனது. பத்து மணிக்கு முன் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம் என்று தாதி வந்து சொன்னபோது, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று நான் அழுதேன். வெட்கப்படாமல் அழுதேன்.

ஐந்து நாள் வவுனியாவில் இருந்தோம். சங்கிலிக்கு ஒரு போன் அடித்திருக்கலாம். இரண்டு தரம் இலக்கத்தை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தேன். இப்படிப்பட்டதை நேரில்தான் சொல்ல வேண்டும் என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன்.

திரும்பி வந்து, மனுசியையும் பிள்ளைகளையும் வீட்டில் இறக்கிவிட்டு, அதே காரில் முள்ளியவளைக்குப் போனேன். வளவில் மிளகாய் வாடியிருந்தது. ஞானேஸ்வரி வாசலில் நின்றாள். கதிரை எடுத்துப் போட்டாள், ஆனால் வாங்கோ என்று சொல்லவில்லை. அவளுடைய உள்ளங்கை இரண்டிலும் கயிறு அறுத்த காயத்தில் துணி சுற்றியிருந்தது. மெசினுக்கு எண்ணெய் இல்லாமல் கிணற்றிலிருந்து வாளி வாளியாக அள்ளித்தான் அந்த மிளகாயை அதுவரை காப்பாற்றியிருக்கிறாள். அதையும் அப்போதுதான் பார்த்தேன்.

சங்கிலி உள்ளேயிருந்து வந்தான். முதலில் என் மகளைப் பற்றிக் கேட்டான்.

"பொம்பிளைப் பிள்ளை. சுகமாயிருக்கினம்" என்றேன்.

"சந்தோசம் அண்ணே." உண்மையாகவே சந்தோசப்பட்டான். அதைப் பார்க்க எனக்கு இன்னும் கேவலமாக இருந்தது.

வீங்கிய மிதப்பை ஒரு பேப்பரில் சுற்றிக் கொண்டுபோயிருந்தேன். அவன் முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை. தாங்கி நிறைந்து கிடந்ததைச் சொன்னேன். நான் சொன்ன அந்தச் சொல்லுக்கு மன்னிப்புக் கேட்டேன். அவன் மிதப்பைக் கையில் எடுத்து, புரட்டிப் பார்த்து, மெதுவாகக் கீழே வைத்தான்.

"அப்ப குறையவே இல்லையா?" என்றான்.

"ஒரு துளி குறையேல்லை. நீதான் கூட்டியிருக்கிறாய். ஏனடா என்னட்டச் சொல்லேல்லை?"

"எப்படிச் சொல்றது அண்ணே? என் வளவுல நிக்கிற வண்டி. முள்ளு இறங்குது. நீங்க என்னைத்தான் நெனப்பீங்கன்னு தெரியும். அதான் பைக்குக்குக் கெடச்சத ஊத்தினேன். அந்த நூலு, மூடி விழாம நீங்க கட்டி வச்சதுன்னு நெனச்சு, ஊத்திட்டுத் திருப்பிக் கட்டினேன். ஊத்த ஊத்த இறங்குது. கொட்டில்லயே படுத்தும் பாத்தேன். வெளி ஆளு யாரும் வரல." வேலிக் கரைப் பக்கம் பார்த்தான். "வண்டியத் தொடுற ஆளு இந்த வீட்டுல நானும் அவனும்தான்."

எனக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. அன்றைக்கு அவன் மகனைப் பார்த்த பார்வை நினைவு வந்தது. வளவைச் சுற்றிப் பார்த்தேன். நிரஞ்சன் இல்லை.

"நீங்கள் கார் கொண்டுபோன உடன அடிச்சவர்" என்றாள் ஞானேஸ்வரி. வாசல் நிலையில் சாய்ந்தபடி, ஒருவரையும் பாராமல் சொன்னாள். "விறகுக் கட்டையாலை அடிச்சவர். நான் எடுக்கேல்லை, எடுக்கேல்லை எண்டு பெடியன் கத்தினவன். இனிக் கள்ளனுக்கு இந்த வீட்டிலை சோறில்லை எண்டிட்டார். ஒரு பையோடை போனவன். வவுனியாவிலை அரிசி மில்லிலை நிக்கிறானாம். நான் போன் எடுத்தாக் கதைக்கிறான். அவர் எடுத்தா லைனை வெட்டுறான்."

ஐந்து நாள் நானும் வவுனியாவில்தான் இருந்தேன். பேத்தியைப் பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் இனிப்பு வாங்கிக் கொடுத்துக்கொண்டு, அவன் மூட்டை தூக்கும் தெருவால் எத்தனை தரம் போய் வந்திருப்பேனோ தெரியாது.

"நம்பர் தா" என்றேன். "நான் கதைக்கிறன். என்ர பிழை, நானே சொல்லுறன்."

ஞானேஸ்வரி இலக்கத்தைச் சொன்னாள், என் போனில் அடித்தேன். நிரஞ்சன் உடனே எடுத்தான். பின்னால் மில்லின் சத்தம்.

"தம்பி, நான் அற்புதம் பெரியப்பா."

"ம்."

ஒரு மூச்சில் சொன்னேன். மிதப்பு ஊறியது, தாங்கி நிறைந்து கிடந்தது, ஒருவரும் ஒன்றும் எடுக்கவில்லை, அப்பாவுக்கு இப்போதுதான் தெரியும், எல்லாம் என் கை வேலை. அவன் மிகவும் மரியாதையாக ஒரு கேள்வி கேட்டான்.

"அப்பா இப்பிடிச் சொல்லச் சொன்னவரோ?"

"ஐயோ இல்லையடா தம்பி. சத்தியமா. மிதப்பு இஞ்ச கையிலை கிடக்கு. வேணுமெண்டா கொண்டுவந்து காட்டுறன்."

"இப்பிடி ஒரு கதை சொன்னா நான் வந்திடுவன் எண்டு நினைச்சிட்டார்போல" என்றான். "நீங்களும் பாவம், அவருக்காக வந்து கதைக்கிறியள். அம்மாவைச் சுகமா இருக்கச் சொல்லுங்கோ."

வைத்துவிட்டான். பெரியப்பா என்று அவன் ஒருமுறைகூட என்னைக் கூப்பிடவில்லை.

சங்கிலி முற்றத்தில் நின்றபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். உண்மையைச் சொல்லத்தான் நான் அன்றைக்கு அந்த வளவுக்கு வந்தேன். அதுவரை எல்லாவற்றையும் சொல்லியும் இருந்தேன். மகன் நம்பவில்லை என்பதை மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை.

"என்ன அண்ணே சொல்றான்?"

"யோசிக்கிறானாம். வருவான் சங்கிலி, நீ ஒண்டும் யோசியாதை."

அவன் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான். கள்ளன் என்று நான் கத்தியபோதுகூட என்னை அப்படிப் பார்க்காதவன். பிறகு திரும்பி, என் கையிலிருந்த போனை என்னிடம் கேளாமல், மனுசியிடம் வாங்கித் தரச் சொன்னான்.